குடிலுக்கு வந்த ஆடு

மாதா திருநாள் பூசை முடிந்து வந்த கையோடு
இரண்டு ஓட்டைத் தாம்பாளங்களில்
செம்மண் பரப்பிக் கேழ்வரகு விதைத்தோம்.
இனிகோ குடைக் கம்பியால் கோடு கிழித்தான்:
இது வயல், இது பெத்லகேம் ரோடு.
நிலா ஒவ்வொரு விதையாகப் போட்டாள்,
தனக்குத் தெரிந்த ஏழுவரை எண்ணி,
பிறகு மறுபடி ஒன்றிலிருந்து.

"பாலன் வர்றதுக்குள்ள புல்லு வந்திருமா?"
"வந்திரும். தண்ணி மட்டும் அளவா ஊத்தணும்."
அளவு என்ற சொல்லுக்கு
ஆறு வயதில் அர்த்தம் கிடையாது.
முதல் தட்டு அழுகியது.
கொட்டிய இடத்தைக் கோழிகூடச் சீண்டவில்லை.

தேவகோட்டையில் மழை விட்டபாடில்லை.
பாஸ்கல் மூங்கில் வளைத்துக் கட்டிய ஸ்டாருக்கு
மூன்று முறை தாள் மாற்றினோம்.
கடைசியில் நான் வேலைபார்க்கும் துணிக்கடைப் பையைக் கிழித்து ஒட்ட,
ஒரு முனையில் முதலாளி பெயர்
தலைகீழாக எரிந்தது.

கடையில் எனக்கு ராத்திரி பத்துமணி ஆகும்.
யார் யார் பிள்ளைகளுக்கோ கவுன் எடுத்துப் போடும்போது
என் இடுப்பு உயரத்துக்குக் கைவைத்துக் காட்டுவேன்,
"இந்த அளவா?"
அது நிலாவின் உயரம்.

எதிர்வீட்டு விசாலாட்சி ஆச்சிக்குப் பிள்ளையார் நோன்பு.
இழை மாவில் நின்ற சுடரை
அவர் அப்படியே வாயில் போட்டுக்கொண்டதை
ஜன்னலில் தொங்கிப் பார்த்துவிட்டு ஓடிவந்தான் இனிகோ:
"அம்மா, ஆச்சி நெருப்பத் தின்னுட்டாங்க!"
அன்றிலிருந்து எங்கள் மெழுகுவத்திகளை
ஒரு பசியோடு பார்க்கிறான்.

இரண்டாம் தட்டு
எங்கள் யார் தயவுமின்றி வளர்ந்தது.
விரல் உயரம். பிறகு ஒரு சாண்.
நிலா அதற்குத் தலைவாரிவிட்டாள்.

இருபத்துமூன்றாம் தேதி மதியம்
கொல்லைக் கதவைத் தாழிடாத அரைமணி நேரத்தில்
பஞ்சவர்ணத்தின் ஆடு வந்து
வயலையும் பெத்லகேம் ரோட்டையும்
ஒட்ட மேய்ந்துவிட்டுப் போனது.

இனிகோ அழுத அழுகையில்
பாஸ்கல் ஸ்கூல் வேன் கழுவுவதை விட்டு ஓடிவந்தார்.
நிலாதான் நிதானமாகச் சொன்னாள்:
"ஆடு குடிலுக்குத்தானே வந்துச்சு.
யாரும் இல்ல.
அதான் சாப்பிட்டுப் போயிருச்சு."
அண்ணன் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.
இப்போது அழ இரண்டு பேர்.

அந்தியில் பஞ்சவர்ணம் வந்தாள்,
தலையில் இரும்புச்சட்டி.
கண்மாய்க் கரையிலிருந்து சேற்றோடு பெயர்த்த புல்,
நீர் சொட்டச் சொட்ட.
"எங்க ஆடுதான். பிள்ள அழுதானாமே.
சட்டி மட்டும் திருப்பிக் குடுத்துருங்க."

சட்டியையே குடிலாக்கினோம்.
தலை ஒட்டவைத்த ராஜா
வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறார்.
நொண்டி ஆட்டுக்குத் தீக்குச்சியில் ஒரு கால்.
ஒட்டகம் போதாததால்
இனிகோவின் மஞ்சள் டிராக்டரும் உண்டு.

நள்ளிரவுத் திருப்பலியில்
இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் சுருண்டுவிட்டார்கள்.
எல்லா மணிகளும் ஒன்றாக அடித்தபோது
நிலா கண்ணைத் திறந்து
முறுக்கு கேட்டாள், மறுபடி தூங்கினாள்.

வீடு திரும்ப இரண்டு மணி.
அரிசி டிரம்முக்குள் கைவிட்டுத் துழாவி
கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த பாலனை எடுத்தேன்.
கன்னத்தில் ஒரு குருணை ஒட்டியிருந்தது.
தட்டிவிடவில்லை.
புல்லுக்கு நடுவே வைத்துக் கையெடுக்கவும்
உள்ளிருந்து
க்ரக்
என்றது.

பாஸ்கல் டார்ச் அடித்தார்.
மாட்டின் வயிற்றுக்கடியில்
கட்டைவிரல் நகமளவு தவளை,
தொண்டை மட்டும் துடிக்க.
பிடிக்கக் கைநீட்டினார்.
பாயிலிருந்து இனிகோவின் குரல்,
கண் மூடியபடியே:
"விடுங்கப்பா. அதுவும் பாக்கத்தான் வந்திருக்கு."

தங்கச்சியின் வாதத்தைத்
திருடியது தெரியாமலே தூங்கிப்போனான்.

விடியும்வரை விட்டுவிட்டுக் கத்தியது அது.

காலையில் சட்டி கேட்டு வந்தாள் பஞ்சவர்ணம்.
அதிரசமும் முறுக்கும் பொட்டலம் கட்டிக்கொடுத்து
ராஜாக்கள் திருநாள் வரைக்கும் தவணை சொன்னேன்.
அவளுக்குப் பின்னால்
கயிற்றில் கட்டிய ஆடு
எங்கள் வாசலையே பார்த்து நின்றது.

நிலா புதுக்கவுனைத் தூக்கிப் பிடித்தபடி
கதவை இன்னும் கொஞ்சம்
அகலமாகத் திறந்துவிட்டாள்.